இரண்டு மருந்து, ஒரே மூச்சு

1996-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய மருந்தாய்வு தொடங்கியது. அதில் சேர்ந்த ஆஸ்துமா நோயாளிகள் வழக்கமாக எடுத்துவந்த மருந்துகளைத் தொடர்ந்தார்கள். கூடுதலாக, பாதிப் பேருக்குச் சால்மெட்டரால் என்ற மருந்து அடங்கிய இன்ஹேலரும், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று இன்ஹேலரும் தரப்பட்டன. யாருக்கு எது கிடைத்தது என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. சால்மெட்டரால் அப்போது புதிய மருந்தும் இல்லை. சுருங்கிய மூச்சுக்குழாயை விரித்து, 12 மணி நேரம் அப்படியே வைத்திருக்கும் என்பதால் 1990 முதலே பிரிட்டனில் புழக்கத்தில் இருந்தது.

26,355 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2003-ல் ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 28 வாரச் சிகிச்சைக் காலத்தில் வெற்று இன்ஹேலர் எடுத்தவர்களில் 3 பேர் ஆஸ்துமாவால் இறந்திருந்தார்கள். சால்மெட்டரால் எடுத்தவர்களில் 13 பேர் இறந்திருந்தார்கள்.

எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் மூச்சை எளிதாக்கும் மருந்தை எடுத்தவர்களே அதிகம் இறந்தார்கள் என்பதை ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்துகளின் விவரத்தாளில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட வைத்தது. காரணத்தைத் தேடியவர்களின் கண்ணில் ஒரு விவரம் பட்டது. ஆய்வில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை உள்ளிழுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு மூச்சுக்குழாய் விரிந்தது. அதற்குள் இருந்த அழற்சி அப்படியே இருந்தது.

அப்படியானால் இதே மருந்தை ஸ்டீராய்டோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? இதற்கு விடை காண நான்கு பெரிய ஆய்வுகளை நடத்தும்படி மருந்து நிறுவனங்களுக்கு உத்தரவிடப்பட்டது. சுமார் 41,000 பேர் பங்கேற்றார்கள். ஸ்டீராய்டு மட்டும் எடுத்தவர்களையும், ஸ்டீராய்டும் நீண்ட நேரம் வேலை செய்யும் விரிப்பானும் சேர்ந்த கூட்டு இன்ஹேலர் எடுத்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உயிருக்கு ஆபத்தான விளைவுகள் கூட்டு மருந்தால் கூடவில்லை. இளைப்புத் தாக்குதல்களோ குறைந்திருந்தன. 2017 டிசம்பரில் கூட்டு இன்ஹேலர்களின் விவரத்தாளிலிருந்து அந்தக் கறுப்புக் கட்டம் நீக்கப்பட்டது. விரிப்பான் மட்டும் தனியாக உள்ள மருந்துகளுக்கு அது நீடிக்கிறது.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிறோம். ஆனால் கூட்டு இன்ஹேலரைப் பாதுகாப்பானதாக ஆக்கியிருப்பது அதற்குள் இருக்கும் ஸ்டீராய்டுதான். இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதைத்தான்.

குழாய்க்குள் இரண்டு கோளாறு

இளைப்பு வரும்போது மூச்சுக்குழாய்க்குள் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. குழாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தசை இறுகுகிறது. இது நிமிடங்களில் நடப்பது. மருந்து கொடுத்தால் நிமிடங்களில் தளரவும் செய்யும். இன்னொன்று, குழாயின் உட்சுவர் வீங்கி, சிவந்து, கெட்டியான சளியைச் சுரப்பது. இதைத்தான் அழற்சி என்கிறோம். இது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நடப்பது. வீசிங் சத்தம் நின்ற பிறகும், நோயாளி நன்றாகத் தூங்கி எழுந்த பிறகும் அடங்காமல் இருப்பது. ஆஸ்துமாவின் வேர் இங்கேதான் இருக்கிறது. தூசியோ குளிர்காற்றோ பட்டவுடன் தசை இறுகுவதற்குக் காரணமே, அழற்சியால் குழாய் ஏற்கெனவே எரிச்சலில் இருப்பதுதான்.

இதை நுண்ணோக்கியில் கண்டவர்களில் ஒருவர் ஹாரி மாரோ பிரவுன். இங்கிலாந்தின் டெர்பி நகரில் மருத்துவராக இருந்தார். ஸ்டீராய்டு மாத்திரை ஆஸ்துமாவுக்குக் கேட்குமா கேட்காதா என்று 1950-களில் மருத்துவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாரோ பிரவுன் நோயாளிகளின் சளியைக் கண்ணாடிச் சில்லில் பூசி நுண்ணோக்கியில் பார்த்தார். சிலருடைய சளியில் ஈசினோஃபில் எனும் வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன, சிலருடையதில் இல்லை. ஈசினோஃபில் நிறைந்திருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு நன்றாகக் கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்கவில்லை. 1958-ல் லான்செட் இதழில் இதை எழுதினார். ஒவ்வாமையால் குவியும் அந்த அணுக்களை அடக்குவதுதான் ஸ்டீராய்டின் வேலை என்பதற்கு அது முக்கியமான சான்றாக அமைந்தது. இன்று ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் மருத்துவர் ஈசினோஃபில் எண்ணிக்கையைப் பார்ப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

விரிப்பான் மருந்து தசையை மட்டும் தளர்த்தும்; ஸ்டீராய்டு அழற்சியை அடக்கும். விரிப்பானை மட்டும் நம்பியிருப்பது, ஓட்டை விழுந்த ஓட்டை மாற்றாமல் கூரைக்குக் கீழே வாளி வைப்பது போன்றது. அன்றைய மழைக்குத் தரை நனையாது. கூரை மட்டும் இற்றுக்கொண்டே போகும்.

இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கவும் செய்கின்றன. விரிப்பான் மருந்து, தசைச் செல்லின் மேலுள்ள பீட்டா-2 என்ற ஏற்பியில் போய் ஒட்டிக்கொண்டால்தான் வேலை செய்யும். விரிப்பானைத் தனியாக, தினமும் எடுத்தால் இந்த ஏற்பிகள் குறையத் தொடங்கும். மருந்தின் பலன் மங்கும். ஸ்டீராய்டோ, புதிய பீட்டா-2 ஏற்பிகளை உருவாக்கும்படி செல்லைத் தூண்டுகிறது. பதிலுக்கு விரிப்பான், ஸ்டீராய்டின் ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் சென்று வேலை செய்ய உதவுகிறது. ஒரே டப்பாவில் இரண்டையும் அடைத்ததற்கு வசதி மட்டுமே காரணம் இல்லை.

மாத்திரைக்குத் தலையாட்டுகிறோம், இன்ஹேலருக்குத் தயங்குகிறோம்

'இன்ஹேலர் பழகிவிடும்', 'ஆரம்பித்தால் விட முடியாது', 'அது கடைசிக் கட்டத்துக்குத்தான்' என்ற மூன்று பேச்சும் தமிழ்நாட்டில் எந்த மருத்துவரின் அறையிலும் கேட்பவை. குழந்தைக்கு இன்ஹேலர் எழுதித் தந்தால், 'வேண்டாம் டாக்டர், மாத்திரையாகவே கொடுங்கள்' என்று கேட்கும் பெற்றோர் உண்டு. அதே வீட்டில், இளைப்பு வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் வெள்ளை மாத்திரை பெரும்பாலும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தாசோன், பீட்டாமெத்தாசோன் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுமே ஸ்டீராய்டுதான். வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் ஏறி, உச்சி முதல் உள்ளங்கால் வரை போகும் ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு மீதான பயம் வெறும் வதந்தியும் இல்லை. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தபோது சில நாட்களிலேயே எழுந்து நடந்தார்கள். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மறுபக்கம் தெரிந்தது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு மெலிந்தது, சர்க்கரை ஏறியது, கண்ணில் புரை விழுந்தது, குழந்தைகள் வளராமல் நின்றார்கள். இன்று நம் வீடுகளில் பேசப்படும் பயம் அந்த மாத்திரைகள் விட்டுப்போனது.

மாத்திரை செய்யும் நன்மை வேண்டும். அது உடல் முழுவதும் பரவக் கூடாது. இதற்கான வழியை, பிரிட்டனின் ஆலன் அண்ட் ஹேன்பரிஸ் நிறுவனத்தில் டேவிட் ஜாக் என்ற ஸ்காட்லாந்து விஞ்ஞானி தலைமையில் இயங்கிய குழு கண்டது. 1969-ல் சால்பியூட்டமால் என்ற விரைவு விரிப்பான் இன்ஹேலரைக் கொண்டுவந்ததும் இதே குழுதான். தோலில் பூசும் களிம்பாகப் பயன்பட்ட பெக்ளோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை மூச்சுக்குழாயின் உட்சுவரில் நேரடியாகப் படிய வைத்தால் என்ன என்று அவர்கள் யோசித்தார்கள். அதை நோயாளிகளிடம் சோதித்து 1972-ல் வெளியிட்டவர், சளியை நுண்ணோக்கியில் பார்த்த அதே மாரோ பிரவுன். பல ஆண்டுகளாக ஸ்டீராய்டு மாத்திரையை நம்பியிருந்த பலரால் அதை நிறுத்த முடிந்தது. பின்னாளில் சால்மெட்டராலும் ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டும் இதே குழுவிலிருந்து வந்தன.

அளவைப் பாருங்கள். கடுமையான இளைப்புக்குப் பெரியவர்களுக்குத் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரை பொதுவாக நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். கூட்டு இன்ஹேலரில் பரவலாகப் பயன்படும் ஸ்டீராய்டான புடெசோனைடு, ஒரு பஃபுக்கு 200 மைக்ரோகிராம். காலையும் இரவும் ஒவ்வொரு பஃப் என்றால் நாளைக்கு 400 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராமுக்கும் குறைவு. இரண்டும் வேறு வேறு மருந்துகள், வீரியமும் வேறு என்பதால் எடையை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்பதே முக்கியம். இன்ஹேலரிலிருந்து தொண்டையில் படிந்து விழுங்கப்படும் பங்கு குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. விழுங்கப்பட்ட புடெசோனைடில் சுமார் 11 சதவீதமும், ஃப்ளூட்டிகசோனில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவுமே உடலில் மிஞ்சுகின்றன. வேண்டிய இடத்தில் வேலை செய்து, வேண்டாத இடத்தில் அழிந்துபோகும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மூலக்கூறுகள் இவை.

பெற்றோரின் பெரிய கவலை குழந்தையின் உயரம். அதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 5 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகத் தினமும் 400 மைக்ரோகிராம் புடெசோனைடு கொடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்த ஆய்வின் முடிவு 2012-ல் வெளியானது. மருந்தில்லா இன்ஹேலர் எடுத்தவர்களைவிட அவர்கள் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். இந்த விளைவு உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அடங்காத ஆஸ்துமாவும் குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கும், பள்ளி நாட்களைத் தின்னும், சில சமயம் உயிரையே எடுக்கும் என்பதும் உண்மை. நோயை அடக்கி வைக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து அதில் நிற்பதே மருத்துவரின் கடமை. குழந்தையின் உயரத்தை ஒவ்வொரு முறையும் அளந்து குறித்து வைக்கும்படி பெற்றோர் கேட்கலாம்.

மருந்து எங்கே போய்ச் சேர்கிறது

இன்ஹேலரை அழுத்தினால் வரும் புகை முழுவதும் நுரையீரலுக்குப் போவதில்லை. அழுத்தி இழுக்கும் சாதாரண இன்ஹேலரில், முறை சரியாக இருந்தாலும், பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். ஒரு மைக்ரானிலிருந்து ஐந்து மைக்ரான் வரை அளவுள்ள துகள்களே குறுகிய மூச்சுக்குழாய்கள் வரை செல்லக்கூடியவை. அதைவிடப் பெரியவையும் அதிவேகமாக வருபவையும் தொண்டையின் வளைவில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எனவே எப்படி இழுக்கிறோம் என்பதும் மருந்தின் அளவில் சேர்த்திதான். முறை தவறினால் நுரையீரலுக்கு மருந்து குறைகிறது. வாயில் பக்கவிளைவு கூடுகிறது.

அழுத்தி இழுக்கும் இன்ஹேலரை எடுக்கும் முறை இது. மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் தூசி ஏதும் இல்லையென்று பாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விடுங்கள். வாய்ப்பகுதியைப் பல்லுக்கு இடையில் வைத்து உதடுகளால் இறுக மூடுங்கள். மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் டப்பாவை ஒருமுறை அழுத்துங்கள். அழுத்திய பிறகும் நிறுத்தாமல், மெதுவாக, ஆழமாக இழுத்துக்கொண்டே இருங்கள். பிறகு இன்ஹேலரை எடுத்துவிட்டு, பத்து விநாடி மூச்சைப் பிடித்து வையுங்கள். இரண்டாவது பஃப் வேண்டுமென்றால் அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கி எடுங்கள்.

பலர் தவறுவது இரண்டு இடங்களில்: அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக நடப்பதில்லை, வேகமாக உறிஞ்சிவிடுகிறார்கள். இரண்டுக்கும் தீர்வு ஸ்பேசர். இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் இந்தப் பிளாஸ்டிக் கூண்டில் மருந்து வேகம் தணிந்து மிதந்து நிற்கும். பெரிய துகள்கள் கூண்டுச் சுவரிலேயே படிந்துவிடும். நுண்துகள்களை நிதானமாக இழுக்கலாம். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் உரியது என்று இதை ஒதுக்க வேண்டாம். ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலரை அழுத்தி எடுக்கும் எல்லோருக்கும் நல்லது. மாதம் ஒருமுறையாவது சோப்புக் கரைத்த தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி, மருந்துத் துகள்களைச் சுவர் ஈர்த்துக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க வசதியில்லாத இடத்துக்கும் அறிவியலில் பதில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் குழந்தை நல மருத்துவர் ஹெதர் ஜார் தலைமையிலான குழு, இளைப்போடு வந்த குழந்தைகளுக்கு 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலை ஸ்பேசராக்கிச் சோதித்தது. அடிப்பக்கத்தில் இன்ஹேலர் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, காற்று கசியாமல் ஒட்டிய பாட்டில் அது. கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக அது வேலை செய்தது என்று 1999-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள்.

கேப்சூல் போட்டு இழுக்கும் பவுடர் இன்ஹேலர்கள் நம் ஊரில் மிகப் பரவலானவை. ரோட்டாஹேலர் போன்ற இவற்றுக்கு முறை நேர் எதிர். இவற்றில் மருந்தைத் தள்ளிவிடும் வாயு கிடையாது. பவுடரைப் பெயர்த்து நுண்துகளாக உடைப்பது நம் மூச்சின் வேகம்தான். எனவே இங்கே வேகமாக, பலமாக, ஆழமாக இழுக்க வேண்டும். கருவிக்குள் மூச்சை ஊதக் கூடாது. வாயின் ஈரம் பட்டால் பவுடர் கட்டிபிடிக்கும். இழுத்து முடித்ததும் திறந்து பாருங்கள். பவுடர் மிச்சமிருந்தால் மறுபடி இழுங்கள். கேப்சூலைப் பட்டையிலிருந்து எடுப்பது பயன்படுத்தும் நேரத்தில்தான் இருக்க வேண்டும். மாத்திரை என்று நினைத்து அதைத் தண்ணீரோடு விழுங்கியவர்களும் இருக்கிறார்கள். விழுங்கினால் நுரையீரலுக்கு எதுவுமே போகாது. ஒரு வகைக் கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, புதிய முறையைச் செய்துகாட்டாமல் நோயாளியை அனுப்பக் கூடாது.

எந்த வகையானாலும் எடுத்து முடித்த பின் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வாயைக் கொப்பளித்து, தொண்டைவரை தண்ணீர் விட்டுக் கரகரத்து, துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. வாயில் தங்கும் ஸ்டீராய்டு அங்குள்ள எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதால் கேண்டிடா என்ற பூஞ்சை வளர்ந்து, நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியது போன்ற வெண்படலம் வரும். குரல் கம்முவதும் உண்டு. காலையும் இரவும் பல் துலக்குவதற்கு முன் இன்ஹேலர் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், மருந்தும் மறக்காது, கொப்பளிப்பும் மறக்காது.

டப்பா தீர்ந்ததா என்று குலுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உந்துவாயு வந்துகொண்டிருக்கும். எண்காட்டி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டால் கணக்கு எளிது: 120 பஃப் உள்ள டப்பாவில் தினம் நான்கு எடுத்தால் 30 நாள். திறந்த தேதியை டப்பாவின் மேலேயே எழுதி வையுங்கள்.

எல்லாக் கூட்டு இன்ஹேலரும் ஒன்றில்லை

கூட்டு இன்ஹேலர்களில் நம் ஊரில் அதிகம் புழங்குபவை இரண்டு வகை. ஒன்றில் ஃப்ளூட்டிகசோனும் சால்மெட்டராலும் இருக்கும். மற்றதில் புடெசோனைடும் ஃபார்மோடெராலும் இருக்கும். இரண்டு விரிப்பானும் 12 மணி நேரம் தாங்கும். ஆனால் ஃபார்மோடெரால் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். சால்மெட்டரால் மெதுவாகத்தான் தொடங்கும். இந்த வித்தியாசம் உயிர் காக்கும் விஷயம். சால்மெட்டரால் உள்ள இன்ஹேலரைத் திடீர் இளைப்புக்கு எடுக்கவே கூடாது. அது காலை, இரவு என்று நேரம் தவறாமல் எடுப்பதற்கு மட்டும். அதை எடுப்பவர் அவசரத்துக்குச் சால்பியூட்டமால் இன்ஹேலரைத் தனியாகக் கையில் வைத்திருக்க வேண்டும்.

புடெசோனைடு–ஃபார்மோடெரால் கூட்டை, மருத்துவர் அப்படித் திட்டமிட்டுத் தந்திருந்தால், அவசரத்துக்கும் எடுக்கலாம். ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டு அமைப்பான 'ஜினா' 2019-ல் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தது. சால்பியூட்டமால் போன்ற விரைவு விரிப்பானை மட்டும் வைத்துப் பெரியவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் சிகிச்சை தரக் கூடாது என்றது. லேசான ஆஸ்துமா உள்ளவர்களிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. இளைப்பு வரும்போது மட்டும் இந்தக் கூட்டு மருந்தை எடுத்தவர்களுக்கு, வெறும் விரிப்பான் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைந்தன. ஒவ்வொரு முறை மூச்சுத் திணறும்போதும் விரிப்பானோடு கொஞ்சம் ஸ்டீராய்டும் உள்ளே போவதுதான் இதன் சூட்சுமம்.

இதற்கும் எல்லை உண்டு. ஒரு பஃபில் 6 மைக்ரோகிராம் ஃபார்மோடெரால் உள்ள இன்ஹேலரில், வழக்கமானதும் அவசரத்துக்கு எடுத்ததும் சேர்த்துப் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 12 பஃபுக்கு மேல் போகக் கூடாது. அந்த எண்ணிக்கையை நெருங்குகிறீர்கள் என்றாலே வீட்டில் இருக்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. அதிக வீரியம் கொண்ட இன்ஹேலர்கள் இப்படி அவசரத்துக்கு எடுக்க ஏற்றவையும் இல்லை. இரண்டு மருத்துவர்களிடம் போய் இரண்டு பெயர்களில் கூட்டு இன்ஹேலர் வாங்கி இரண்டையும் எடுப்பது ஆபத்து. நீண்ட நேர விரிப்பான் இரட்டிப்பானால் கை நடுக்கம், படபடப்பு, தசைப்பிடிப்பு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது எல்லாம் வரும்.

விரைவு விரிப்பானை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டன் 2014-ல் வெளியிட்ட ஆஸ்துமா மரண ஆய்வு கசப்பான சாட்சி. 195 மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். விரைவு விரிப்பான் எத்தனை வாங்கினார்கள் என்ற கணக்கு கிடைத்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. நம் நாட்டு நிலை இன்னும் கவலைக்குரியது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களில் சுமார் 42 சதவீதம் இங்கே நிகழ்கிறது என்று 2019-ம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. நோய் இங்கே கொடியது என்பதில்லை; ஸ்டீராய்டு இன்ஹேலர் போய்ச் சேர வேண்டியவர்களைச் சேரவில்லை.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

கண் அழுத்த நோய்க்கு டிமோலால் சொட்டு மருந்து போடுகிறீர்களா? கண்ணில் விடும் ஒரு சொட்டு இளைப்பைக் கிளப்பும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் அது பீட்டா ஏற்பிகளை அடைக்கும் மருந்து. இன்ஹேலரின் விரிப்பானுக்கு நேர் எதிரி. படபடப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் புரோப்ரனோலால் மாத்திரையும் அப்படியே. கண் மருத்துவர், இதய மருத்துவர் யாராக இருந்தாலும் ஆஸ்துமா இருப்பதை முதலில் சொல்லுங்கள்.

ஃப்ளூட்டிகசோனையும் புடெசோனைடையும் கல்லீரல் சிதைப்பதால்தான் அவை பாதுகாப்பாக இருக்கின்றன என்று பார்த்தோம். அந்தச் சிதைவைத் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. எச்.ஐ.வி. சிகிச்சையில் தரும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட், பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகொனசோல், கீட்டோகொனசோல் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றோடு சேரும்போது இன்ஹேலர் ஸ்டீராய்டு ரத்தத்தில் தேங்கி, மாத்திரை எடுத்தது போன்ற விளைவுகளைத் தரும். படர்தாமரைக்கு மெடிக்கல் ஷாப்பில் தாமாகவே இட்ராகொனசோல் வாங்கிச் சாப்பிடும் பழக்கம் பெருகியிருக்கும் நம் ஊரில் இந்த எச்சரிக்கை முக்கியம்.

அதிக அளவில் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி மந்தமாகலாம். கண்புரை, எலும்பு மெலிவு ஆகியவற்றின் வாய்ப்பும் சற்றுக் கூடலாம். இவர்கள் மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. அறுவைசிகிச்சைக்கு முன் ஸ்டீராய்டு எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

புகையாலும் விறகடுப்பாலும் வரும் சி.ஓ.பி.டி. என்ற நுரையீரல் அடைப்பு நோய் ஆஸ்துமா இல்லை. அந்த நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரால் நிமோனியா வருவது கூடுகிறது என்று 2007-ல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அவர்களில் யாருக்கு ஸ்டீராய்டு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பதை ஈசினோஃபில் எண்ணிக்கை உள்ளிட்டவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். அண்ணனுக்கு எழுதித் தந்த இன்ஹேலரைத் தம்பி எடுப்பது சரியில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பிணிகள் பயந்து இன்ஹேலரை நிறுத்திவிடுகிறார்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கு ஆக்ஸிஜன் குறையும். அடங்காத ஆஸ்துமாதான் கருவுக்கு ஆபத்து. மருத்துவர் தந்த இன்ஹேலர் தொடர வேண்டும்.

நன்றாக இருக்கும்போதும்

இளைப்பு நின்றுவிட்டால் மருந்தையும் நிறுத்திவிடுவதுதான் நாம் செய்யும் பெரும்பிழை. அழற்சி திரும்பச் சில வாரங்கள் போதும். அடுத்த தாக்குதல் வந்ததும், 'இன்ஹேலர் பழகிவிட்டது, விட முடியவில்லை' என்கிறோம். பழகியது இன்ஹேலர் இல்லை. அடங்கிக் கிடந்த நோய் திரும்பியிருக்கிறது. மூன்று மாதம் போல இளைப்பு அறவே இல்லாமல் இருந்தால், மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். குறைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள், நீங்களே குறைக்காதீர்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் மூச்சு வாங்குவது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுப்பது, உதடும் நகமும் நீலம் பாய்வது, அரைமயக்கம், அவசர மருந்து எடுத்தும் மூன்று நான்கு மணி நேரத்துக்குள் மறுபடி திணறுவது ஆகிய எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, அவசர இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இன்ஹேலரையும் கொண்டுபோய், அவர் முன்னால் ஒருமுறை எடுத்துக் காட்டி, 'நான் செய்வது சரியா?' என்று கேளுங்கள். மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் வேண்டுகோள் ஒன்று உண்டு: செய்துகாட்டச் சொல்லாமல் எந்த நோயாளிக்கும் இன்ஹேலரைக் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு நிமிடம் ஆகும். ஆஸ்துமா சிகிச்சையில் அதைவிடப் பயனுள்ள இரண்டு நிமிடம் வேறு இல்லை.